சுவர் தேடி உட்காருகிறவர்

எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவர் முதலில் தேடுவது சுவரைத்தான். நாங்கள் வேனிலிருந்து இறங்கி, தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே, சாப்பாடு எந்தப் பந்தியில் என்று விசாரித்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் நேராக மேடைக்குப் போய், பின்சுவரை வீடு பார்க்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்ப்பார். பிறகு மேஜையை இழுத்து, தான் ஒருவர் மட்டும் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுப் போடுவார். அதற்குள் புகுந்து, சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்த பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பார். திறந்தவெளித் திருவிழா என்றால் வேனை ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் நிறுத்தச் சொல்வார். அந்தத் திரையில் என்ன இருக்கிறது என்று எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை.

நான் அந்தக் குழுவின் பெண் குரல். பகலில் தருமபுரியில் ஜெராக்ஸ் கடை, முகூர்த்த நாள் சாயங்காலங்களில் மேடை. கடையில் என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆதாரை நீட்டுவார்கள், காப்பியை வாங்கிக்கொண்டு போவார்கள். மைக்கைக் கையில் பிடித்தால்தான் நானும் ஓர் ஆள். அவரை நான் அவ்வளவு சந்தேகப்பட்டதற்கு இதுதான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து பிடுங்க அது ஒன்றுதான் இருந்தது.

அவர் வந்தபோது குழுவில் ஒரு கூட்டமே இருந்தது. கீபோர்டு, டிரம்ஸ், கிடார், தபலா, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. குழுவை நடத்திய மாணிக்கம் அண்ணன் எங்கேயோ பிடித்து அவரைக் கூட்டி வந்தார். "இனிமே இவரும் நம்மகூட வருவாரு" என்றார். அடுத்த சீசனில் கிடார்க்காரர் இல்லை. அதற்கப்புறம் தபலா. பிறகு டிரம்ஸ், கடைசியில் கீபோர்டு. ஒவ்வொருவராக நிற்க நிற்க, அவரவர் வாத்தியத்தின் சத்தம் லேப்டாப்பிலிருந்து வர ஆரம்பித்தது. மிச்சம் இருந்தது நானும், ஆண் குரல் பாடும் செல்வமும்தான். வேனில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. அடுத்தது யார் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பென் டிரைவைச் சொருகிப் பாட்டை ஓட விடுகிற ஆளாக இருந்தால் நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் சீக்கிரமே சலித்துப் போவார்கள். இவர் அப்படியில்லை. லேப்டாப்போடு, வெளிச்சக் கட்டங்கள் உள்ள ஒரு பலகையும் திருகுகள் வைத்த ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருப்பார். ஒரு கட்டத்தைத் தட்டி ஒரு தாளத்தை ஓட விடுவார். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் ஒரு பறை, நடுவில் எங்கேயோ வயலின் மாதிரி ஒரு இழுப்பு. கூட்டம் எழுந்தால் ஏற்றுவார், உட்கார்ந்தால் இறக்குவார். ஒரே பாட்டு இரண்டு கல்யாணத்தில் ஒரே மாதிரி வந்ததில்லை. சில சமயம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி அவர்கள் கைதட்டலைப் பிடித்துக்கொள்வார். அடுத்த பாட்டில் அதுவே தாளமாக வரும். தட்டியவர்களுக்கே தெரியாது, தங்கள் கைக்குத் தாங்களே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது. கைதட்டலைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர் குரலை விட்டு வைப்பாரா?

எந்த ஊர் என்று கேட்டால் "பக்கந்தாங்க" என்பார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றாலும் கிட்டத்தட்ட அதே பதில்தான். "அத வுடுங்க மேடம், அந்த ரெண்டாவது பாட்டு என்னா சுருதி?" என்று பேச்சைத் திருப்புவார். திரையில் என்ன செய்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. "ரம்மி ஆடறாருக்கா. கை அப்புடித்தான் போவுது" என்பான் செல்வம். "அவரு என்னாத்தயோ பண்ணட்டும். சத்தம் வருதா இல்லியா?" என்பார் மாணிக்கம் அண்ணன்.

ஒருநாள் வேனில் அவர் போனில் குசுகுசுவென்று தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார். மாணிக்கம் அண்ணன் வீட்டில் பேசுவது தெலுங்குதான். நான் அண்ணனை முழங்கையால் இடித்து, "என்னாண்ணே சொல்றாரு?" என்றேன்.

"வூட்ல கீரைக் கொழம்பாம். உப்பு பத்தலயாம்."

நான் நம்பவில்லை. உப்புப் பத்தாததை யாராவது குசுகுசுவென்று பேசுவார்களா?

சித்தேரி மலையில் ஒரு கோயில் திருவிழா. பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கர் செத்தது, லைட் செத்தது. நான் மைக்கை இறக்கினேன், ஆடிக்கொண்டிருந்த பையன்கள் விசிலடித்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நம் ஆள் மட்டும் நிறுத்தவில்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. காதில் ஹெட்போனோடு கட்டங்களைத் தட்டித் தட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "அவருக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?" என்று கவலையாகக் கேட்டார். ஜெனரேட்டர் பிடித்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து வரவில்லை. அதற்குள் வந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது. நான்தான் தடுமாறி, எந்த அடி என்று தேடி ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

"என்னா சார் இது, கரண்டே இல்லாம யாருக்கு வாசிச்சீங்க?" என்றேன் பிறகு.

"பாட்டு ஓடிட்டுதாங்க இருந்துச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

இப்படிப் பேசுகிற ஆளை எந்தக் கணக்கில் வைப்பது?

என் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையன். ஹால் டிக்கெட் காப்பி எடுக்க வந்தவன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. "பாடுனது ஆளே இல்லீங்கக்கா. கொரல் சாம்பிள் கொஞ்சம் இருந்தா போதும், கம்ப்யூட்டரே பாடிடும்" என்றான். எனக்கு உடனே வேன்தான் ஞாபகம் வந்தது. வேனில் அவர் அடிக்கடி கேட்பார்: "அந்த மேல போற எடத்த ஒருக்கா பாடிக் காட்டுங்க மேடம்." நானும் முட்டாள் மாதிரி பாடிக் காட்டியிருக்கிறேன். அது போக, எல்லா மைக்கும் அவர் லேப்டாப் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் சட்டம். "எல்லாம் என் வழியா வரணுங்க. அப்பத்தான் நான் பாத்துக்க முடியும்" என்பார். எதைப் பார்த்துக்கொள்கிறார்?

அதற்கு முந்தைய வருடம் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. தைராய்டு கட்டி. குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில மாதம் வாயையே திறக்காமல் இருந்துவிட்டு, பயந்துகொண்டே மேடை ஏறினேன். குரல் வந்தது. முன்னைவிட நேராக, மேல் இடங்களில் கொஞ்சம்கூட அசங்காமல் வந்தது. நான் மேடையிலேயே அழுதுவிட்டேன். அந்த ஆடியில் குலதெய்வத்துக்கு மாவிளக்குப் போட்டேன். அப்படித் திரும்பி வந்த குரலை இந்த ஆள் கொத்திக்கொண்டு போவதா?

நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல குரலைக் கொடுத்தால்தானே எடுத்து வைத்துக்கொள்வார்? வேனில் அவர் பாடிக் காட்டச் சொன்னால் வேண்டுமென்றே சுருதியை இறக்கிப் பாடினேன். அவர் முகம் சுருங்கிவிடும். "ஒடம்பு செரியில்லீங்களா மேடம்?" என்று கேட்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன். மாட்டினாயா என்று இருக்கும்.

பாலக்கோட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் என் துணிச்சல் கொஞ்சம் அதிகமாகி, மேடையிலும் அதைச் செய்து பார்த்தேன். கூட்டம் பந்திக்கு எழுந்த நேரம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பல்லவி முடிகிற இடத்தை மயிரிழை இறக்கி விட்டேன். என் முன்னால் இருந்த சின்ன ஸ்பீக்கரில், பாடுகிறவர் தன் குரலைக் கேட்டுக்கொள்ள வைப்பார்களே அதில், அது சரியாக வந்தது. என் காதுதான் கோளாறு என்று நினைத்து அடுத்த சுற்றில் மறுபடி இறக்கினேன். தொண்டைக்குள் இறங்கியது, ஸ்பீக்கரில் நேராக நின்றது. கிழிந்த தாளை வைத்தால் ஜெராக்ஸ் மெஷினில் கிழிந்த தாள்தான் வரும். இவர் மெஷினில் நல்ல தாள் வந்துகொண்டிருந்தது.

வேனில் சாமான் ஏற்றும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பத்துல இருந்து சார்?"

வயரைச் சுருட்டிக்கொண்டே, "எது மேடம்?" என்றார்.

"நடிக்காதீங்க. நான் எறக்கிப் பாடுனேன். மேல வந்துச்சு."

சுருட்டியதைக் கீழே வைத்தார். "ஆபரேஷன் முடிஞ்சு வந்தீங்கல்ல. அன்னிலருந்துங்க."

மாவிளக்குப் போட்டது அம்மனுக்கு, வேலை பார்த்தது லேப்டாப். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரு சொல்லிச் செஞ்சீங்க? அண்ணன் சொன்னாரா?"

"அண்ணனுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா உங்கள வெச்சிருப்பாருங்களா?"

அவர் அப்படிச் சொன்ன கோபத்தையும் சேர்த்து, "செல்வத்துக்கும் இதேதானா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

அப்போதுதான் எனக்குச் சுவர் புரிந்தது. எங்கள் ஒவ்வொருவருடைய ஓட்டையும் அந்தத் திரையில்தான் இருந்தது. அதை ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வைத்துக்கொண்டு அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சந்தேகப்பட்டுப் பழகிய புத்தி அவ்வளவு சீக்கிரம் அடங்குமா?

"என் கொரல எடுத்து வெச்சிருக்கீங்களா சார்? உண்மையச் சொல்லுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்க. வர்றத அப்பப்ப செரி பண்ணி அனுப்பறதோட செரி. ஒண்ணயும் வெச்சுக்கறதில்லீங்க. அது தப்பு."

பிறகு, கொஞ்சம் தணிந்து, "தருமபுரி கல்யாணம் ஞாபகம் இருக்குங்களா?" என்றார்.

எப்படி மறக்கும்? காலை முகூர்த்தத்துக்கு வரவேண்டிய மேளக்காரர்கள் தொப்பூர் மலையில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டதில் மாட்டிக்கொண்டார்கள். ஐயர் நேரம் போகிறது என்று பறந்தார். நாங்கள் பக்திப் பாட்டுக்காகக் காலையிலும் இருந்தோம். இவர், "கெட்டி மேளம் நான் பாத்துக்கறேங்க. ஐயர் வெரலக் காட்டட்டும்" என்றார். பெண்ணின் தாய்மாமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாலி கட்டறப்ப கம்ப்யூட்டரா? எங்க வூட்டுப் பொண்ணு வாழணுமா வேணாமா?" என்று கத்தினார். வேறு வழியில்லை. மாமன் சந்தேகத்தோடு மேஜையை ஒட்டியே வந்து நின்றுகொண்டார், அந்தப் பக்கம் போய்த் திரையைப் பார்க்கவும் முயற்சி செய்தார். நம் ஆள் விடவில்லை. ஐயர் விரலை ஆட்டினார். தவில் பொரிந்து தள்ளியது. மாப்பிள்ளை முடிச்சைப் போடத் தெரியாமல் தடுமாறினார், அவர் தங்கை வந்து கட்டி முடிக்கிற வரைக்கும் இவர் விரல் கட்டங்களை விட்டு எழவே இல்லை. பதிவு செய்த மேளமாக இருந்தால் பாதியில் நின்றிருக்கும். அந்த நேரத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் அடுத்தடுத்துத் தும்மினார். நான் அவர் வாயைப் பார்த்தேன், சத்தம் கேட்கவில்லை. மேளக்காரர்கள் பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தார்கள். மாமன் விடுவாரா? மாப்பிள்ளையையும் பெண்ணையும் எச்சில் கையைக் கழுவ வைத்து மறுபடி மணையில் உட்கார்த்தி, மாப்பிள்ளை தாலியைத் தொட்டுக்கொண்டிருக்க ஒரு முழுக் கெட்டி மேளம் வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

"கெட்டி மேளம் என்னாத்துக்குங்க அடிக்கறாங்க? கெட்ட சத்தம் எதுவும் காதுல வுழக்கூடாதுன்னுதானுங்களே. நான் செய்யறதும் அதுதாங்க."

"அது தாலிக்கு சார். நான் பாடறது பாட்டு." அவர் கீழே வைத்த வயரை எடுத்து வேனுக்குள் போட்டேன். "அடுத்த ப்ரோகிராம்ல அத எடுத்துடணும்."

"வேண்டாங்க மேடம்."

"எடுத்துடணும்."

அடுத்தது அரூரில் ஒரு வரவேற்பு. அவர் எடுத்துவிட்டேன் என்றார். நான் நம்பவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அதை அவரும் யோசித்திருக்க வேண்டும். நான் சரணத்துக்குள் போகும்போது எல்லாத் தாளத்தையும் ஓட விட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்து எனக்குத் தெரியும்படி மார்பில் கட்டிக்கொண்டார்.

மேலே போகிற இடத்தில் குரல் ஏறவில்லை. ஏறுகிற மாதிரி போய், பாதியில் கிடந்தது. இரண்டாவது தடவை இன்னும் கீழே. நான் கேட்டேன். என் வாழ்க்கையில் என் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. எங்கேயாவது யாராவது சிரிப்பார்கள், செல்வம் திரும்பிப் பார்ப்பான், மாணிக்கம் அண்ணன் ஓடி வருவார் என்று காத்துக்கொண்டே பாடி முடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பரிசுக் கவரோடு வரிசை நகர்ந்தது. போட்டோகிராபர் யாரையோ கிட்டே வரச் சொன்னார். பாட்டு முடிந்ததும் எப்போதும் போலக் கை தட்டினார்கள். அண்ணன் கீழேயிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒரே ஒரு முகம்தான் சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது. அது அவர் முகம். எத்தனை வருடமாக எவ்வளவு பேருக்குப் பாடிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். என் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த பாட்டுக்கு முன்னால் அவர் மேஜைக்குப் போனேன். அவர் லேப்டாப்பைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். "பாக்கறீங்களா மேடம்?" என்றார், கேட்கவே கூச்சப்படுகிறவர் மாதிரி.

"வேணாம் சார். போட்டுடுங்க" என்றேன்.

அந்தச் சீசன் முழுக்க அப்படியே பாடினேன். சீசன் முடிந்ததும் அவர் பெங்களூரு போய்விட்டதாக மாணிக்கம் அண்ணன் சொன்னார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நம்பரும் மாறிவிட்டது. அவர் இடத்துக்கு வந்த தம்பி லேப்டாப்பை எல்லோரும் பார்க்க நடு மேடையில் வைத்துக்கொள்வான், ஒளிவு மறைவே கிடையாது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நான் இறக்கிப் பாடினாலும் ஏற்றிப் பாடினாலும் அவன் தலை ஒரே மாதிரி ஆடியது. கைதட்டலும் குறையவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கடை வேலை அதிகமாகிவிட்டது என்று அண்ணனிடம் சொல்லி நின்றுவிட்டேன்.

இப்போது மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாதபோது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நான் பாடியதெல்லாம், யாரும் தூக்கிவிடத் தேவையில்லாமல் தானாக மேலே போன குரல் எல்லாம், அவர் வழியாகத்தான் போனது. என்னிடம் அதில் ஒரு பாட்டுகூட இல்லை. கல்யாண வீட்டு வீடியோக்களில் பேச்சுச் சத்தம்தான் இருக்கிறது. ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று அன்று வேனுக்குப் பக்கத்தில் நின்று சத்தியம் செய்தார். அந்த மனிதர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.